ஓர் ஆள் கூடுதல்

மருத்துவ நூலகர் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் முதல் நாளே என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், டூப்ளிகேட் நீக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" எல்லாமே நல்லதுதான். அவை செய்யும் தவறுகளைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். நான் எழுதப்போவது என் தவறைப் பற்றி. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனை நூலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தபோது, என் சொந்தக் கண்ணால் பார்த்து என் சொந்தக் கையால் செய்தது அது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு மருத்துவக் கேள்விக்கு, இதுவரை பதிவான எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தேடி, சலித்து, சேர்த்துப் பார்த்து விடை சொல்வதுதான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. விடை சொல்பவர்கள் மருத்துவர்கள். எதை வைத்துச் சொல்வார்கள் என்பது நம் கையில் இருக்கிறது. நாம் எடுத்துக் கொடுக்காத காகிதம் அவர்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத காகிதம்.

எங்கள் பெரிய டாக்டர் கேட்ட கேள்வி கண்வலிக்கிழங்கு பற்றியது. ஒட்டன்சத்திரம் பக்கம் அதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதை மருந்துக்குப் போகிறது. கிழங்கோ கொடிய விஷம். தவறிச் சாப்பிட்டவர்கள் வாந்தியும் பேதியுமாக வந்து விழுவார்கள். சிலர் மறுநாளே தெளிந்து எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். அப்படித் தெளிந்தவர்களை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம்? வார்டுக்கு ஒரு விதி எழுத வேண்டும் என்றார். எங்களுக்கு அகப்பட்ட கட்டுரைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியே பேசின. எழுந்து உட்கார்ந்தவர்களைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை.

ஆகவே அச்சில் வராத பதிவுகளைத் தேடினோம். மாவட்டத்து மருத்துவமனைகளுக்குக் கடிதம் போட்டுப் பழைய கேஸ் ஷீட்டுகளின் நகலைக் கேட்டோம். அந்தந்த மருத்துவமனையே நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் கறுப்பு மையால் அடித்து அனுப்பி வைத்தது. வந்ததையெல்லாம் கட்டாகக் கட்டி ஸ்கேன் செய்து கொடுத்தவர் எங்கள் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் பாய். பேகம்பூர்க்காரர். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர், பிடிவாதத்தில் பத்து வருடம் மூத்தவர்.

விஷம் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் போலீசுக்குத் தகவல் போகும். அதனால் நோயாளியின் உடம்பில் உள்ள இரண்டு அடையாளங்களை ஷீட்டில் எழுதி வைப்பது வழக்கம். பெயரை அடித்தவர்கள் அந்த வரியை அடிக்க மறந்துவிட்டார்கள். என் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் தொடங்கியது.

நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து எட்டுப் பக்க ஷீட் ஒன்று வந்திருந்தது. முப்பத்து நான்கு வயதுப் பெண். விவசாயக் குடும்பம். சர்க்கரைவள்ளியோடு கலந்திருந்த கண்வலிக்கிழங்கைத் தெரியாமல் வேகவைத்துத் தின்றிருக்கிறாள். இடது புருவத்துக்கு மேலே மச்சம், வலது முழங்கையில் தீக்காயத் தழும்பு. பழனி ரோட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து அரைப் பக்க ஷீட் ஒன்று. அதே வயது, அதே கிழங்கு, அதே மச்சம், அதே தழும்பு. "மயக்க நிலையில் கொண்டுவரப்பட்டார்" என்று தொடங்கி நான்கு வரியில் நின்றுவிட்டது.

இரண்டும் ஒரே பெண். சாஃப்ட்வேர் இதைக் கண்டுபிடித்திருக்காது, நான் கண்டுபிடித்தேன். அன்று மதியம் எனக்குச் சோறு கொஞ்சம் கூடவே இறங்கியது. ஒரு ஆளை இரண்டு தடவை எண்ணக்கூடாது என்பது நம் விதி. இரண்டில் எதை வைத்துக்கொள்வது? முழுமையானதை. ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் முதலில் காட்டியிருப்பார்கள், அவர்கள் முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள், அதனால்தான் ஷீட் பாதியில் நிற்கிறது என்று நினைத்தேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே போகிறோம்? தேதியைப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அரைப் பக்கத்தை நீக்கினேன். பட்டியலில் காரணம் என்ற இடத்தில் "டூப்ளிகேட்" என்று எழுதினேன்.

எட்டுப் பக்க ஷீட்டில் அந்தப் பெண் இரண்டாம் நாள் நன்றாகத் தேறி வீட்டுக்குப் போயிருந்தாள். அவளைப்போல வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் மறுபடி மோசமானதாக எங்கள் தொகுப்பில் ஒரு தகவலும் இல்லை. பெரிய டாக்டர் வரைவு விதியை எழுதி வார்டில் ஒட்டச் சொன்னார். இரண்டாம் நாள் சாப்பிட்டு நடமாடி, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் அனுப்பலாம்.

அந்த வாரம்தான் பாய் முதல் முறையாகச் சொன்னார். "மேடம், கட்டுல ஒரு ஆள் கூட இருக்காக."

தேடல் வரைபடம் போடும்போது வந்தது இத்தனை, நீக்கியது இத்தனை, மிச்சம் இத்தனை என்று கணக்கு ஒட்ட வேண்டும். என் திரையில் ஒட்டியது. பாய் காகிதத்தை விரல் நனைத்து எண்ணினால் ஒன்று கூடுதலாக வந்தது.

"நீக்குனதையும் சேத்து எண்ணுறீரு பாய்."

"நீக்குனத தனியாத்தான் வச்சேன். அப்புறமும் ஒரு ஆள் கூடத்தான் வருது."

"ஆளுன்னு சொல்லாதீரு. ஷீட்டுன்னு சொல்லும்."

"ஷீட்டுக்குள்ள ஆளுதான மேடம் இருக்காக?"

மறுநாள் காலை நூலகத்தைத் திறந்தபோது என் மேசையில் இருந்த கட்டின் மேலே அந்த அரைப் பக்கம் கிடந்தது. நீக்கியவற்றைத் தனி உறையில் போட்டது நான்தான். பாயின் குறும்பு என்று நினைத்து மறுபடி உறைக்குள் வைத்தேன். அடுத்த நாளும் மேலே கிடந்தது. கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"நா வைக்கல மேடம். சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். உறையின் வாயை மடித்து, அதன் மேல் கனமான அகராதி ஒன்றைத் தூக்கி வைத்தேன். வைத்துவிட்டு, எதற்காக வைக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் அந்த மேசைக்கு முதுகு காட்டி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் போன் செய்தார். "உங்க ரிவ்யூவுக்கு உயிரோட ஒரு சாட்சி வந்திருக்கு மேடம். வந்து பாருங்க." ஆராய்ச்சிக்காரர்களை வார்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது அவருக்குப் பிடிக்கும். உச்சி வெயில் நேரம். பெண்கள் வார்டில் கரண்ட் போயிருந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு பெண் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளைத் தங்கமணி என்று சொல்கிறேன். அது அவள் உண்மைப் பெயர் அல்ல. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். விதைக்கிழங்கு வைத்த சாக்கிலேயே சர்க்கரைவள்ளியையும் கொட்டி வைத்திருக்கிறார்கள். உடைந்த துண்டுகள் கலந்துவிட்டன. அவித்து, பசியில் அவள் மட்டும் தின்றிருக்கிறாள். முந்தின நாள் துவண்டு வந்தவள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்கறேன். காலைல மூணு இட்லி தின்னேன். ஊட்டுல முருங்கக்காய் பறிக்க ஆளில்லீங்க. போகோணும்."

இந்தப் பேச்சை இதற்கு முன்னால் எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. கேட்கவில்லை, படித்திருக்கிறேன். எட்டுப் பக்க ஷீட்டின் ஆறாவது பக்கத்தில் ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். நோயாளி காலையில் மூன்று இட்லி சாப்பிட்டார். தலை வாரிக்கொண்டார். வீட்டில் பறிப்புக்கு ஆள் இல்லை, போக வேண்டும் என்கிறார்.

தங்கமணியின் புருவத்தைப் பார்த்தேன். மச்சம் இல்லை. முழங்கையைப் பார்த்தேன். தழும்பு இல்லை. வேறு பெண்தான். ஆனாலும் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றை இரண்டாவது தடவை பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அவள் சீப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு என் முகத்தில் வரவில்லை. ஷீட்டில் இருந்தவள் இதற்கு அப்புறம் என்ன செய்தாள் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு முதன்முதலாக எழுந்தது. அவள் வீட்டுக்குப் போனாள். அதற்கு அப்புறம்?

நூலகத்துக்குத் திரும்பி அகராதியை நகர்த்தி உறையைத் திறந்தேன். அரைப் பக்கத்தின் மூலையில் தேதி மங்கலாக இருந்தது. எட்டுப் பக்கத்தின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குப் போன நாளுக்கு அடுத்த நாள், சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். அரைப் பக்கம் முன்கதை அல்ல, முடிவு.

"பாய், இது ஏன் நாலு வரியில நிக்குது?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அதுக்கு மேல எழுத என்ன இருக்கு மேடம்? நாடி இல்லன்னு கடைசி வரி சொல்லுது பாருங்க. அதுக்கப்புறம் போலீஸ் பேப்பர்தான். பாவம், இந்தப் பொம்பள ஒங்க திரையில பொழச்சுக் கெடக்கு. என் கட்டுல செத்துக் கெடக்கு. அதான் நா எண்ணுனா ஒரு ஆள் கூட வருது."

கண்ணில் பட்டதைப் படிக்காமல், படித்ததாக நினைத்துக்கொண்ட என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. அதற்கும் நேரம் இல்லை. பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு மூன்று யோசனைகள் வந்தன. முதலில் இன்னொரு முறை சரிபார்ப்போம். ஸ்கேன் சரியில்லை என்போம். தேதி மங்கலாக இருந்தது என்போம். மூன்றுமே என் பெயரைக் காப்பாற்றும் யோசனைகள். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பிடிக்கும்.

"டாக்டர், நான் தப்புப் பண்ணிட்டேன். அனுப்பலாம்னு நீங்க எழுதுனதுக்கு ஆதாரமா இருக்கற பொண்ணு மறுநாளே செத்துட்டா. அந்தக் காகிதத்தை நான்தான் எடுத்துப் போட்டேன். தங்கமணியை அனுப்பாதீங்க."

கோபக்காரர். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபது நிமிஷம் ஆச்சு மேடம், கையெழுத்துப் போட்டு. போயிட்டாங்க."

தங்கமணியின் ஷீட்டில் இருந்த கைபேசி எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் ஓபியை விட்டு நகர முடியாது, வெளியே கூட்டம். "பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிருப்பாங்க. எப்படியாச்சும் கூட்டிட்டு வாங்க, என்ன வேணா சொல்லுங்க" என்றார். பாய் ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்திருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். வழியெல்லாம் பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நானும் எனக்குத் தெரிந்ததை முணுமுணுத்தேன்.

ஒட்டன்சத்திரம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் தங்கமணி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் மாத்திரைப் பையை மடியில் வைத்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வர வேண்டும் என்று சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, காத்தால பெரிய டாக்டரே போகச் சொல்லிப்போட்டாருங்க. நல்லாத்தான இருக்கறா? நீங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க. நான் லைப்ரரியில இருக்கேன்."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். கண்டக்டர், "ஏறுறதுன்னா ஏறுங்கம்மா, வண்டிய எடுக்கணும்" என்றார். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பரிசோதனை பாக்கி என்று பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஃபாரத்தில் கையெழுத்து என்றும் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்தது உண்மைதான்.

"உங்க சம்சாரம் மாதிரியே ஒருத்தி இதே கிழங்கத் தின்னுட்டு வந்தா. ரெண்டாம் நாள் நல்லாயிருந்தா, அனுப்பிட்டாங்க. மறுநாள் அவ இல்ல. அவ செத்துப்போனதச் சொல்ற காகிதம் என் கையிலதான் இருந்துச்சு. நான் அதைப் படிக்காம ஒதுக்கி வச்சிட்டேன். அதனாலதான் டாக்டரும் உங்களைப் போகச் சொன்னாரு. தப்பு என்னோடது."

தங்கமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாளும் இட்லி தின்னாங்களா?" என்று கேட்டாள்.

"மூணு இட்லி."

அவள் எழுந்துவிட்டாள். "எறங்குங்க, மாமா" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டில் எல்லோரோடும் பேசிச் சிரித்தாள். மறுநாள் காலையிலும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் நூலக வாசல் வரைக்கும் வந்து, "பறிப்பு போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கே சந்தேகம் வந்தது. ஒருத்திக்கு நடந்தால் எல்லோருக்கும் நடக்குமா? ஒரு அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆர்ப்பாட்டமா? அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஜெபித்தேன். அதே மூச்சில், ஏதாவது ஆனால்தானே நான் சொன்னது மெய்யாகும் என்று ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. அந்த எண்ணம் வந்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பதினொரு மணிக்கு அவள் கண் சொருகிச் சரிந்தாள். ரத்த அழுத்தம் விழுந்தது, சிறுநீர் நின்றது. வார்டுக்குள்ளேயே இருந்ததால் நாலு நிமிடத்தில் ஐசியுவில் இருந்தாள். கிராமத்துத் தோட்டத்தில் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க எனக்கு அந்த நான்கு வரிகள் போதும். ஒன்பது நாள் இழுபறி. பெரிய டாக்டர் வீட்டுக்கே போகவில்லை. வார்டில் ஒட்டியிருந்த தாளை அவரே கிழித்தார். என்னிடம் அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் தேடலில் இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒரே ஆளின் இரண்டு பதிவுகள் கிடைத்தால் எதையும் நீக்குவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டி, தேதி வரிசையில் படித்துவிட்டு ஒரு ஆளாக எண்ணுகிறோம். நீக்கியவற்றை, நீக்காத வேறொருவர் திரும்ப எண்ணுகிறார். இதெல்லாம் உங்கள் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கும். நானும் அதை முன்பே படித்திருந்தேன். படித்தவள்தான் அப்படிச் செய்தேன். தெரியாதவரை ஏமாற்ற ஆள் வேண்டும். தெரிந்தவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார். உங்கள் கண்ணுக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபட்டு, மனசு குளிர்ந்து, சாப்பாடு கூடுதலாக இறங்கினால், அன்றைக்கு இன்னொரு முறை தேதியைப் பாருங்கள்.

அந்த அரைப் பக்கம் உறையை விட்டு என் மேசைமேல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. பாயிடம் பிற்பாடு ஒருமுறை கேட்டேன். "இப்ப வருதா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப விடுங்க" என்றார்.

தங்கமணி பிழைத்தாள். வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து, மறுபரிசோதனைக்கு வந்தவள் நூலகத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பைத் தலையைச் சுற்றி இறுக்கிப் போட்டிருந்தாள். அந்த விஷம் அப்படித்தான், பிழைத்தவர்களின் முடியைக் கொட்ட வைத்துவிடும். மறுபடி முளைக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கோணுங்க" என்றாள். "அந்தம்மா பேரு என்னங்க?"

"எந்தம்மா?"

"என்னாட்டமே இட்லி தின்னுபோட்டுப் போனாங்களே, அவங்கதானுங்க. வெளக்கு வெக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லிக் கும்பிடோணும்னு இருக்கறேன். பேரு தெரியாம எப்படிங்க?"

எங்களிடம் வரும் முன்னாலேயே அந்தப் பெயர் கறுப்பு மைக்குள் போய்விட்டது. அப்படித்தான் போக வேண்டும், அதுதான் முறை. அந்த முறையின்மேல் எனக்கு அன்று வந்த வருத்தத்தைச் சொல்லி முடியாது.

"பேர் தெரியாதும்மா. எங்களுக்குத் தரமாட்டாங்க" என்றேன்.

எவ்வளவு வயது என்று கேட்டாள். முப்பத்து நான்கு என்றேன்.

"என்னைவிட ரெண்டு வயசு மூப்புங்க. பரவால்லீங்க. அக்கான்னே சொல்லிக்கறேன்."